இந்த மீன் எந்தப் படகில் வந்தது?

பட்டினப்பாக்கம் லூப் சாலையில் மீன் வாங்கப் போகிறவர்கள், விலையைக் கேட்பதற்கு முன்பே இன்னொன்றைக் கேட்டுவிடுவார்கள். ‘‘இது எப்பக்கா வந்துச்சு? ஐஸ் மீனா?’’ செவுளைத் தூக்கிக் காட்டியபடியே பதில் வரும். ‘‘காலையிலதாம்மா வந்துச்சு. நம்ம வூட்டு போட்டு. ஐஸே படல, பாரு!’’

அவ்வளவுதான். பிடித்தது யார், எந்தப் படகு, எப்போது கரைக்கு வந்தது என்ற மூன்று தகவல்களும் அந்த ஒரே பதிலில் வந்துவிடுகின்றன. வாங்கிப்போன சங்கரா கெட்டுப்போயிருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே அக்காவிடம் போய்ச் சண்டை போடலாம். அவரும் எங்கேயும் ஓடிவிட முடியாது. 2024 ஆகஸ்டில் நொச்சிக்குப்பத்தில் நவீன மீன் அங்காடி திறக்கப்பட்ட பிறகும் இந்தக் கேள்வி பதில் மாறவில்லை. கடை மட்டும்தான் கூரைக்குக் கீழே போயிருக்கிறது.

இதே கேள்வியை ஸ்பெயினில் இருக்கும் ஒரு சூப்பர் மார்க்கெட் கேட்டால்? ‘நம்ம வூட்டு போட்டு’ என்ற பதில் அங்கே செல்லாது. படகின் பதிவு எண், எந்த வலை, எந்தக் கடல் பகுதி, எந்தத் தேதி, எந்தத் துறைமுகத்தில் இறங்கியது, எந்தத் தொழிற்சாலையில் உறைய வைக்கப்பட்டது... எல்லாம் எழுத்தில் வேண்டும். ஒன்று குறைந்தாலும் கன்டெய்னர் துறைமுகத்திலேயே நிற்கும்.

தட்டில் இருக்கும் ஒரு துண்டு மீனையோ இறைச்சியையோ வைத்துக்கொண்டு, அது வந்த வழியில் அப்படியே பின்னோக்கிப் போய்ப் படகையோ பண்ணையையோ தொட முடிவதற்குப் பெயர் ‘டிரேசபிலிட்டி’. தமிழில் தடமறிதல் என்கிறார்கள். கேட்பதற்கு ஏதோ அலுவலகச் சமாசாரம் போல இருக்கும். ஆனால், எந்த நாட்டு மீனவருக்கு நல்ல விலை கிடைக்கும், எந்த நாட்டுக்குக் கதவு மூடப்படும் என்பதை இன்று தீர்மானிப்பவற்றில் இதுவும் ஒன்று.

ஒரே ஒரு மாடு

இந்தக் கதை கடலில் தொடங்கவில்லை. மாட்டுக் கொட்டகையில் தொடங்கியது.

1986-ல் பிரிட்டனில் மாடுகளுக்கு ஒரு விநோத நோய் கண்டறியப்பட்டது. மாடுகள் தள்ளாடி விழுந்தன. மூளை பஞ்சுபோல் ஓட்டை ஓட்டையாகிப்போனது. ‘மேட் கவ்’ நோய் என்று உலகமே பேசியது. இது மனிதர்களுக்கும் வந்திருக்கலாம் என்று 1996 மார்ச்சில் பிரிட்டன் அரசு அறிவித்தது. சில நாள்களிலேயே பிரிட்டன் மாட்டிறைச்சிக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. அந்தத் தடை முழுமையாக விலக 2006 ஆனது.

இதில் நோயில்லாத மாடு வளர்த்த விவசாயியும் சேர்ந்தே நஷ்டப்பட்டார். ‘என் மாடு வேறு, அந்த மாடு வேறு’ என்று பிரித்துக் காட்ட அவரிடம் போதிய ஆவணம் இல்லை. தடமறிதல் ஏன் தேவை என்பதை இந்த ஒரு வரியில் சொல்லிவிடலாம். பதிவு இருந்தால் தவறு நடந்த இடத்தை மட்டும் வெட்டி எடுக்கலாம். பதிவு இல்லாவிட்டால் மொத்த நாட்டையும் ஒதுக்கிவைப்பார்கள்.

அமெரிக்காவும் இதை அனுபவித்தது. 2003 டிசம்பரில் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரே ஒரு பசுவுக்கு இந்த நோய் இருப்பது தெரிந்தது. ஜப்பானும் தென்கொரியாவும் உடனே கதவைச் சாத்தின. காதில் இருந்த அடையாள வில்லையை வைத்து, அது கனடாவில் பிறந்த பசு என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால், அதே மந்தையிலிருந்து எல்லை தாண்டி வந்த மற்ற மாடுகளில் பாதிக்கு மேல் எங்கே போயின என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உலகின் பணக்கார நாட்டிலேயே இந்த நிலைமை!

காதில் ஒரு மஞ்சள் வில்லை

அடிபட்ட நாடுகள் பாடம் கற்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2000-ல் கொண்டுவந்த சட்டப்படி, ஒவ்வொரு மாட்டுக்கும் இரு காதுகளிலும் அடையாள வில்லை வேண்டும். இறைச்சிப் பாக்கெட்டின் மேல் அந்த மாடு பிறந்த நாடு, வளர்ந்த நாடு, வெட்டப்பட்ட நாடு மூன்றும் அச்சிடப்பட வேண்டும். ஜப்பான் 2003-ல் ஒவ்வொரு மாட்டுக்கும் 10 இலக்க எண் கொடுத்தது. கடையில் இறைச்சி வாங்குபவர் அந்த எண்ணைத் தட்டினால் மாட்டின் வரலாறு வந்துவிடும். தென் அமெரிக்காவின் சின்ன நாடான உருகுவே 2006 முதல் எல்லா மாடுகளுக்கும் தனி எண்ணைக் கட்டாயமாக்கியது. பக்கத்திலேயே பிரேசில், அர்ஜென்டினா என்ற இரண்டு பெரிய போட்டியாளர்களை வைத்துக்கொண்டு, ‘எங்கள் இறைச்சியின் பிறப்பிடம் எங்களுக்குத் தெரியும்’ என்பதையே தன் பலமாகச் சொல்லி விற்கிறது அந்த நாடு.

இந்தியா? பசு இறைச்சி ஏற்றுமதிக்கு இங்கே அனுமதி இல்லை. எருமை இறைச்சி மட்டும், அதுவும் எலும்பு நீக்கியது, வெளிநாடு போகிறது. மலேசியா, வியட்நாம், எகிப்து, வளைகுடா நாடுகள் வாங்குகின்றன. ஏற்றுமதியில் உலகின் முன்வரிசையில் இருந்தாலும், ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் போன்ற அதிக விலை தரும் சந்தைகளுக்குள் நுழைய முடியவில்லை. முக்கியக் காரணம் கோமாரி நோய். அதை ஒழிப்பதற்கான தேசியத் திட்டம் 2019 செப்டம்பரில் தொடங்கியது. தடுப்பூசி போட்ட மாடு எது என்று தெரிய வேண்டுமே? அதற்காகத்தான் காதில் 12 இலக்க எண்ணுடன் மஞ்சள் வில்லை. ‘பசு ஆதார்’ என்று செல்லப்பெயரும் உண்டு. மயிலாப்பூர் மாட வீதிகளில் அசைபோட்டுக்கொண்டு நிற்கும் மாட்டின் காதிலும் அந்த வில்லையைப் பார்த்திருப்பீர்கள்.

மாட்டுக்குக் காதில் வில்லை மாட்டிவிடலாம். கடலில் நீந்தும் மீனுக்கு என்ன செய்வது? படகுக்குத்தான் எண் கொடுக்க வேண்டும்.

மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை

2010 ஜனவரி 1 முதல், கடலில் பிடித்த மீன் ஐரோப்பாவுக்குள் நுழைய ‘பிடிப்புச் சான்றிதழ்’ கட்டாயம் என்றது ஐரோப்பிய ஒன்றியம். திருட்டுத்தனமாக, கணக்கில் காட்டாமல், விதிகளை மீறிப் பிடித்த மீனைத் தடுப்பதுதான் நோக்கம். இந்தியாவில் இந்தச் சான்றிதழைத் தருவது கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம். 1972-ல் தொடங்கப்பட்ட இந்த அமைப்பைத் தொழிலில் இருப்பவர்கள் ‘எம்பீடா’ என்றே சொல்வார்கள். துறைமுகங்களில் எந்தப் படகு என்ன மீனை இறக்கியது என்று பதிவெடுக்க அதற்கு ஆள்கள் உண்டு. அந்தப் பதிவும் ஏற்றுமதியாளர் கொடுக்கும் விவரமும் பொருந்தினால்தான் சான்றிதழ்.

நாடு முழுவதும் ஒழுங்காக இல்லாவிட்டால், கால்பந்து ஆட்டம் போலவே முதலில் மஞ்சள் அட்டை, திருந்தாவிட்டால் சிவப்பு அட்டை. சிவப்பு வந்தால் அந்த நாட்டுப் படகு பிடித்த மீன் ஒரு கிலோகூட ஐரோப்பாவுக்குப் போகாது.

இதில் சிக்கியது நம் பக்கத்து நாடுதான். இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்கு சூரை மீனும் கொம்பன் மீனும் ஐஸில் வைக்கப்பட்டு விமானத்தில் போய்க்கொண்டிருந்தன. 2013-ல் மட்டும் சுமார் 7.4 கோடி யூரோ மதிப்பு. ஆழ்கடலுக்குப் போகும் படகுகளைக் கண்காணிக்க ஏற்பாடு இல்லை, தவறு செய்தவர்களுக்குத் தண்டனை போதவில்லை என்று 2012-ல் மஞ்சள் அட்டை நீட்டப்பட்டது. 2015 ஜனவரியில் தடையே வந்தது.

விதி மீறிய படகுகளோடு, மீறாத படகுகளின் மீனும் விலை இழந்தது. ஆழ்கடல் படகுகளில் செயற்கைக்கோள் கண்காணிப்புக் கருவி, பிடித்த மீனைக் குறித்துவைக்கும் பதிவேடு, கூடுதல் அபராதம் என்று சட்டத்தை மாற்றிய பிறகு, 2016 ஜூனில்தான் தடை விலகியது. வியட்நாம் 2017-ல் வாங்கிய மஞ்சள் அட்டையை விலக்கிக்கொள்ள ஆண்டுக்கணக்கில் போராடிவருகிறது.

இந்த ஆண்டு இன்னொரு படி. 2026 ஜனவரி 10 முதல் ஐரோப்பிய இறக்குமதியாளர்கள் பிடிப்புச் சான்றிதழை ‘கேட்ச்’ என்ற கணினி அமைப்பில் ஏற்றியாக வேண்டும். முன்பு ஒவ்வொரு நாடும் தனித்தனியாகக் காகிதத்தைப் பார்த்தது. ஒரே சான்றிதழை ஸ்பெயினில் ஒரு முறை, இத்தாலியில் ஒரு முறை காட்டி இரண்டு மடங்கு மீனை உள்ளே விடும் வேலை இனி கடினம்.

ஆமைக்கும் இறாலுக்கும் என்ன தொடர்பு?

ஐரோப்பாவைவிட இந்திய இறாலுக்குப் பெரிய சந்தை அமெரிக்கா. அங்கே கேட்கப்படும் கேள்வி வேறு. ‘இந்த இறாலைப் பிடிக்கும்போது ஆமை செத்ததா?’

இழுவை வலையில் இறாலோடு கடல் ஆமையும் மாட்டிக்கொள்ளும். ஆமை நுரையீரலால் சுவாசிக்கும் உயிர். நீருக்கு அடியில் நீண்ட நேரம் வலையில் சிக்கினால் மூச்சுத் திணறிச் செத்துவிடும். வலைக்குள் ஒரு கம்பிச் சட்டமும் மேலே ஒரு திறப்பும் வைத்தால் இறால் பின்னால் போய்விடும், ஆமை வெளியேறிவிடும். இதை ‘டெட்’ என்கிறார்கள். இந்தக் கருவி இல்லாத நாடுகளின் கடல் இறாலை வாங்கக் கூடாது என்று 1989-லேயே அமெரிக்கா சட்டம் போட்டது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வர்த்தக அமைப்பில் வழக்கு தொடுத்தன. 1998-ல் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பு, அமெரிக்கா சட்டத்தை நடைமுறைப்படுத்திய விதத்தைத் தவறு என்றது. ஆனால், ஆமையைக் காப்பாற்றும் நோக்கத்தை ஏற்றுக்கொண்டது. சட்டம் நிலைத்துவிட்டது. சில ஆண்டுகளாக இந்தியக் கடலில் பிடிக்கும் இறாலுக்கு அமெரிக்கக் கதவு மூடித்தான் இருக்கிறது.

இந்தச் செய்தி பட்டினப்பாக்கத்துக்குப் புதிதல்ல. குளிர்கால மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் கரை இது. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியதை நாடே பார்த்தது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவை வலை போடக் கூடாது என்பது தமிழ்நாட்டு விதி. அது மீறப்படுகிறது என்பது நாட்டுப்படகு மீனவர்களின் நெடுநாள் புகார்.

இங்கேதான் தடமறிதலின் அருமை புரியும். பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம், நொச்சிக்குப்பம் கரைகளிலிருந்து போவது பெரும்பாலும் ஃபைபர் படகுகள். இரண்டு மூன்று பேர் போய், வலையைக் கையால் இழுத்து, காலையிலேயே திரும்பிவிடுவார்கள். அமெரிக்கச் சட்டத்திலேயே ஒரு விலக்கு இருக்கிறது. எந்திரம் இல்லாமல் கையால் இழுக்கும் வலையில் பிடித்த இறாலுக்கு ‘டெட்’ தேவையில்லை. ஆனால், அது அப்படிப் பிடித்த இறால்தான் என்று அரசு அதிகாரி சான்று தர வேண்டும்.

அதை எப்படித் தருவது? கரையில் ஏலம் போன இறால் வியாபாரியின் ஐஸ் பெட்டிக்குப் போகிறது. அங்கே நான்கு கரை இறால் சேர்கிறது. அடுத்த கட்டத்தில் இழுவைப் படகு இறாலும் அதோடு கலந்துவிட்டால், எது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆமையைக் கொல்லாத படகின் இறாலும், கொன்ற படகின் இறாலும் ஒரே பெட்டியில் ஒரே விலை. கலப்பது மோசடி இல்லை, தொழில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால், கலந்த நொடியில் நேர்மையாகப் பிடித்தவருக்கு இருந்த ஒரே சாட்சியும் காணாமல் போய்விடுகிறது.

குளத்துக்கும் எண் உண்டு

சரி, கடல் இறாலுக்குத் தடை என்றால், இந்தியா எப்படி அமெரிக்காவுக்கு இவ்வளவு இறால் விற்கிறது? பண்ணை இறால்தான். 2024-25-ல் இந்தியாவின் கடல் உணவு ஏற்றுமதி 16.98 லட்சம் டன், மதிப்பு சுமார் 62,408 கோடி ரூபாய். அதில் பெரும் பங்கு உறைய வைத்த இறால். அதிலும் பெரும்பகுதி, 2009-ல் இங்கே அனுமதிக்கப்பட்ட வனாமி என்ற வெளிநாட்டு ரகம்.

பண்ணை இறாலைத் தடமறிவது எளிது. குளம் நகராது. கடலோரப் பண்ணைகள் சென்னையில் தலைமையகம் உள்ள கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவுசெய்ய வேண்டும். இறால் நோய்களை ஆராயும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் சாந்தோம் நெடுஞ்சாலையில், பட்டினப்பாக்கத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் இருக்கிறது.

ஆனால், குளத்தில் வேறு பிரச்னை. நோய்க்குப் பயந்து சிலர் தடைசெய்யப்பட்ட ஆன்டிபயாடிக் மருந்துகளைப் பயன்படுத்துகிறார்கள். அதன் எச்சம் துளி இருந்தாலும் ஐரோப்பா திருப்பி அனுப்பும். அதனால்தான் ஐரோப்பாவுக்குப் போகும் இறாலை அறுவடைக்கு முன்பே பரிசோதிக்கும் முறை வந்தது. அப்படியும் எச்சம் தொடர்ந்து கிடைத்ததால், 10 சதவிகித கன்டெய்னர்களைச் சோதித்துக்கொண்டிருந்த ஐரோப்பா, 2016-ல் அதை 50 சதவிகிதமாக்கியது. மருந்தே போடாத விவசாயியின் சரக்கும் சேர்ந்தே துறைமுகத்தில் காத்திருக்கிறது. காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் செலவு. அந்தச் செலவு கடைசியில் குளத்தங்கரை விலையில்தான் கழிக்கப்படும்.

காகிதம் பொய் சொல்லாதா?

சொல்லும். 2013 ஜனவரியில் அயர்லாந்து உணவுப் பாதுகாப்பு ஆணையம், மாட்டிறைச்சி பர்கர்களின் மரபணுச் சோதனை முடிவுகளை வெளியிட்டது. சிலவற்றில் குதிரை இறைச்சி! உலகிலேயே கடுமையான தடமறிதல் சட்டங்கள் உள்ள கண்டத்தில், எல்லாக் காகிதங்களும் சரியாக இருந்த நிலையில், இது நடந்தது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் எழுதுபவர் உண்மையை எழுதினால்தான் பதிவுக்கு மதிப்பு. அவ்வப்போது ஆய்வகமும் எட்டிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு நியாயமான கேள்வி, இதற்கான செலவு யாருடையது? பெரிய நிறுவனம் ஒரு கணினிப் பிரிவையே வைத்துக்கொள்ளும். விடியற்காலை 3 மணிக்குக் கடலுக்குப் போய்த் திரும்பி, வலையைச் சரிசெய்துவிட்டுத் தூங்கப்போகும் மீனவர் எந்தப் படிவத்தை நிரப்புவார்? ஐரோப்பிய விதி இதை ஓரளவு யோசித்திருக்கிறது. இழுவை வலை இல்லாத, 12 மீட்டருக்குக் குறைவான சின்னப் படகுகளுக்கு எளிமையான சான்றிதழ் போதும். ஒவ்வொரு படகோட்டியும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. ஏற்றுமதியாளரே சேர்த்து நிரப்பலாம்.

மத்திய அரசும் 2025 நவம்பரில், மீன்வளத் துறைக்கான தேசியத் தடமறிதல் கட்டமைப்பை வெளியிட்டது. படகு இருக்கும் இடத்தைக் காட்டும் டிரான்ஸ்பாண்டர் கருவிகளை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024-ல் தொடங்கியது. அவசரத்தில் கரைக்குத் தகவல் அனுப்பவும் இது உதவும். உயிர் காக்கும் கருவி என்று சொல்லும்போது மீனவர்கள் வரவேற்கிறார்கள். ‘எங்கள் மீன் இருக்கும் இடத்தையும் இது ஊருக்கே காட்டிக்கொடுக்குமா?’ என்ற தயக்கமும் இயல்பானதுதான். அந்தப் பதிவு யார் கையில் இருக்கும் என்பதை அவர்களிடம் தெளிவாகச் சொல்லிவிட்டே கருவியைப் பொருத்த வேண்டும்.

வீட்டுக்கு வாங்கும்போது...

உறைய வைத்த இறால், மீன், இறைச்சி பாக்கெட் வாங்கினால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். 14 இலக்க உணவு உரிம எண், பேட்ச் எண், பேக் செய்த தேதி. ஏதாவது கோளாறு என்று புகார் கொடுக்க வேண்டியிருந்தால் பேட்ச் எண் இருந்தால்தான் அந்தச் சரக்கை மட்டும் கடைகளிலிருந்து திரும்ப எடுக்க முடியும். அதனால் பாக்கெட்டைப் பிரித்தவுடன் குப்பையில் போடாமல், சமைத்துச் சாப்பிட்டு முடிக்கும்வரை வைத்திருங்கள். அல்லது மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கரையிலேயே எழுதினால்...

இந்தச் சங்கிலியில் அதிகம் தெரிந்தவர் முதல் ஆளான மீனவர்தான். எந்த இடம், எந்த வலை, எத்தனை மணி என்பதெல்லாம் அவர் விரல்நுனியில் இருக்கிறது. ஆனால், எழுதப்படுவது அவர் கையைவிட்டு மீன் போன பிறகு. அதனால் பதிவின் லாபமும் பின்னால் வருபவர்களுக்கே போகிறது.

ஏலம் போடும்போதே படகு எண், வலை, தேதி மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியோடு அனுப்பலாம். கையால் இழுத்த வலை இறாலுக்குத் தனிப் பெட்டி ஒதுக்கலாம். மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் இதைச் செய்தால் தனி ஆளுக்குப் பாரம் குறையும். ஆனால், சீட்டு எழுதிய பெட்டிக்குக் கிலோவுக்குப் பத்து ரூபாயாவது கூடுதலாகக் கொடுக்க வியாபாரிகளும் ஏற்றுமதி நிறுவனங்களும் முன்வர வேண்டும். கூலி இல்லாத வேலையை எந்தக் கரையிலும் யாரும் நெடுநாள் செய்ய மாட்டார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாள்களில் கடலுக்குப் போவது பெரும்பாலும் நாட்டுப்படகுகள்தான். கரைக்கு வரும் இறாலில் இழுவைப் படகுக் கலப்பு மிகக் குறைவாக இருக்கும் காலமும் அதுவே. தனிப் பெட்டி, தனிச் சீட்டு என்று சோதித்துப் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.